ஆறு நாளும் ஆறினது

“எட்டு மணிக்குள்ள வந்துருங்க. அதுக்கு மேல போனா பொங்கல் இருக்காது. வெறுஞ்சட்டியத்தான் காட்டுவாக.”

சனிக்கிழமை ராத்திரி அத்தை போனில் சொன்னதில் அழைப்பைவிட எச்சரிக்கைதான் அதிகம். திருத்தங்கல் அத்தை வீட்டுக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. ஓட்டல் எதற்கு, வீட்டிலேயே ஏதாவது செய்து சாப்பிடலாம், நானும் கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: “ஞாயித்துக்கிழமை நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன், தாயி.”

இப்படித்தான் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாலு இட்லிக்காக ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் போனோம். மதுரையை விட்டுக் கிளம்பும்போது இன்னும் இருட்டு. பதினொரு வயது மகன் பின்சீட்டில் போர்வையோடு சுருண்டிருந்தான். திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டியபோது கிழக்கே லேசாக வெளுத்தது. இரண்டு பக்கமும் கரிசல், அங்கங்கே சீமைக்கருவேலம். கள்ளிக்குடி தாண்டியதுமே பையன் எழுந்து உட்கார்ந்து “பசிக்குது” என்றான். அதற்குப் பிறகு திருத்தங்கல் வரை அந்த ஒரு சொல்லைத்தான் விதவிதமான குரலில் சொல்லிக்கொண்டு வந்தான்.

விருதுநகரில் காரை நிறுத்தினேன். டீ குடிக்கத்தான். ஆனால் அந்த ஊரில் இறங்கிவிட்டால் பஜார் பக்கம் ஒரு நடை போகாமல் என்னால் வர முடியாது. வாரநாளில் லாரியும் தள்ளுவண்டியும் சுமைதூக்கும் ஆட்களுமாக நடக்க இடமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கதவடைத்த கடைகளின் முன்னால் வாசனை மட்டும் நின்றது: வத்தல் நெடி, மல்லி, செக்கில் ஆட்டிய எள்ளின் கனத்த வாசம். ஊரைச் சுற்றி விளைவதைவிட ஊருக்குள் விலை பேசப்படுவதுதான் இங்கே அதிகம். உளுந்து, துவரை, பாசிப்பயறு, வத்தல், நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பத்திரிகைகள் வாராவாரம் போடும். எங்கள் வீட்டில் அப்பா அரசியல் செய்தியைத் தாண்டிப் போய் அந்தப் பத்தியைப் படிப்பார். உளுந்து ஏறினால் இட்லி சின்னதாகும் என்பது அவர் கணக்கு. தமிழ்நாட்டில் இட்லிப் பொடிக்குக் குழைக்கிற எண்ணெயில் பாதிக்கு இந்த ஊர் மணமிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. இதயம் நல்லெண்ணெய் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

டீக்கடைக்காரர் வடைச் சட்டியை அப்போதுதான் ஏற்றியிருந்தார். பையனுக்கு ஒரு ஆமைவடை வாங்கிக் கொடுத்தோம். அதோடு வாய் ஓயும் என்று நம்பியது எங்கள் தப்பு.

தேசபந்து மைதானத்துப் பக்கம் போய் நின்றோம். மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு பாட்டிகள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்காக வந்த இடத்தில் சாப்பிடாமல் செத்தவரை நினைக்க வேண்டியிருந்தது. 1956 ஜூலை 27 அன்று தியாகி சங்கரலிங்கனார் இந்த ஊரில் தொடங்கிய உண்ணாவிரதம் இரண்டரை மாதம் நடந்து, அக்டோபர் 13 அன்று அவர் உயிர் போனதோடுதான் முடிந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொன்னது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. அப்போது முதலமைச்சராக இருந்தவர் இதே ஊர்க்காரரான காமராசர். அதே 1956இல்தான் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரே வருசம், ஒரே ஊர் மனிதர்கள் இரண்டு பேர். ஒருவர் ஊர்ப்பிள்ளைகளுக்குச் சோறு போட வழி பண்ணிக்கொண்டிருந்தார், இன்னொருவர் சோறு வேண்டாம் என்று படுத்திருந்தார். இதில் யார் பக்கம் நிற்பது என்று விருதுநகர்க்காரர்களிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் டீ ஆறிப்போகும்.

காமராசர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையின் கதையிலும் அரிசிதான் இருக்கிறது. 1889இல் நாடார் உறவின்முறையார் எழுப்பிய பள்ளி அது. கடைக்காரர்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள். வீடுகளில் பெண்கள் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டார்கள். பிடியரிசி என்று பெயர். சேர்ந்த அரிசியை விற்றுப் பள்ளிக்கூடம் நடந்தது. காலை உலையிலிருந்து ஒரு பிடியைக் கழித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர் என்று இதை என் மனைவியிடம் சொன்னேன். “அந்த ஒரு பிடி எந்தப் பொம்பளை வயித்துல குறைஞ்சதோ” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காருக்குத் திரும்பினோம்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிச் சாலை. ஆமத்தூர் தாண்டியதும் நிலத்தின் தோற்றம் மாறும். வெட்டவெளியில் கம்பிவேலி, உள்ளே வேம்பும் புங்கையும், மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன வெள்ளை அறைகள். பழக்கமில்லாத கண்ணுக்கு யாரோ ஆளுக்கொரு குடிசை கட்டிக்கொண்டு சண்டைபோட்டுப் பிரிந்த மாதிரி இருக்கும். ஒன்று வெடித்தால் அடுத்தது பிடிக்கக் கூடாது என்பதற்கான இடைவெளி அது. வெடிமருந்து கையாளுகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் கேட்டிலேயே நின்றுவிட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் யாரும் ‘தொழிற்சாலை’ என்று சொல்வதில்லை. ‘ஆபீஸ்’தான். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக்குப் பயராபீஸ். என் மகன் சின்ன வயதில், அத்தை ஆபீசில் வேலை பார்க்கிறார் என்றதும் கம்ப்யூட்டர் இருக்குமா என்று கேட்டவன்.

ஏழேகாலுக்கு அத்தை வீட்டு வாசல். வெளுத்த நீலச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. “ஏய்யா ராசா, வளந்துட்டியே” என்று பையனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அவன் “அப்பத்தா, பசிக்குது” என்றான். உள்ளே மருமகள் தூங்குவதாகச் சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மகன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். “அவ தூங்கட்டும். வாரத்துல இந்த ஒரு நாள்தான் வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் படுக்கலாம்.”

ஓட்டல் சிவகாசிச் சாலையிலேயே இருந்தது. தகரக் கொட்டகை முன்வாசல், உள்ளே நீளக் கூடம், எவர்சில்வர் மேசைகள். வாசலிலேயே தோசைக்கல். மாஸ்டர் தேய்ந்த சீவு விளக்குமாற்றால் கல்லில் தண்ணீர் தெளித்தார். சொர்ரென்ற சத்தத்தில் பையனின் முகம் மலர்ந்தது. ஏழரை மணிக்கே பாதி மேசை நிரம்பிவிட்டது. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் நாலு பேராக வந்து இறங்கினார்கள். அப்பா, அம்மா, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று. பிள்ளைகளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய் வைத்து வாரியிருந்தது. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். மதுரையில் லுங்கியோடு போய்ப் பார்சல் வாங்குகிற எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்லாவில் இருந்த அண்ணாச்சிக்கு அத்தையைத் தெரியும். “வாங்க வாங்க, விருந்தாடியா?” என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சரக்கு மாஸ்டர் பக்கம் திரும்பிப் பொங்கலில் நாலு தட்டு எடுத்துவைக்கச் சொன்னார். அவர் தலைக்கு மேலே முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டர். புது வருசத்துத் தடிமன் இன்னும் குறையவில்லை. இந்தக் காலண்டர்களின் பிறப்பிடத்துக்கு அஞ்சாறு கிலோமீட்டர் தூரத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த வருசத்து மாதிரி ஆல்பங்களை வெளியிட்டு விடுவார்கள். மற்றவர்களுக்கு ஆடி நடக்கும்போது அந்த ஊருக்குத் தை வந்துவிடும்.

முதலில் இட்லி. வாழை இலையில் ஆவி பறக்க ஆளுக்கு இரண்டு. துணியில் ஊற்றிய இட்லி, அடியில் நூல் வரி தெரிந்தது. தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, வாளியிலிருந்து சாம்பார். கேட்டால் பொடி, பொடிக்குழியில் நல்லெண்ணெயைக் கொஞ்சமும் யோசிக்காமல் ஊற்றினார்கள். எண்ணெயை எண்ணி ஊற்றுகிற மதுரைக் கடைகளை நினைத்துக்கொண்டேன்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை முதல் இட்லியை முடித்திருந்தார். ஆவி பறக்கிற இட்லியைப் பிய்த்து, ஊதாமல், விரல் சுடுவதைச் சட்டைசெய்யாமல் வாயில் போட்டார். பையன் “சுடலையா அப்பத்தா?” என்று கேட்டான்.

“சுடத்தான் செய்யும். சுடணும்னுதான வந்தது. ஆறு நாளும் ஆறினதையே திங்கிறோம், இன்னிக்காச்சும் சுடட்டும்.”

அத்தை சொன்னது விளையாட்டுப் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கூடம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பயராபீசுக்குப் போகிற பெண்கள் நாலு, நாலரைக்கு எழுந்து சோறாக்குகிறார்கள். குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் போட்டு, ஆறு ஆறரைக்கெல்லாம் வேன் வருகிற முக்கில் நிற்க வேண்டும். வெயில் ஏறுமுன் மருந்து வேலையை முடிக்கப் பார்ப்பார்கள், அதனால் காலையில் தாமதம் கூடாது. வேலைக்கு இடையில் கிடைக்கிற நேரத்தில் சாப்பாட்டுக் கொட்டகையில் தூக்கைத் திறந்தால் சோறு சில்லிட்டிருக்கும். சூடுபண்ண வழியில்லை. வேலிக்குள் ஒரு பொறிகூடக் கூடாது. நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பெரும்பகுதியையும், அடுப்புக்கும் சூடத்துக்கும் உரசுகிற தீக்குச்சியையும் செய்து அனுப்புகிற கைகள், தங்கள் சோற்றைச் சூடாகத் தின்பதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கின்றன. சனிக்கிழமை வாரக் கூலி. அதனால்தான் ஞாயிறு காலை இந்தக் கூட்டம்.

பக்கத்து மேசையில் எக்ஸ்எல் வண்டிக் குடும்பம். அந்த அம்மா சின்னவளுக்கு நெய் ரோஸ்ட்டைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூசிக் குளித்த கை. ஆனால் நகத்தின் ஓரங்களில், நகமும் சதையும் சேர்கிற இடத்தில், மெல்லிய வெள்ளிக் கோடு. கொலுசுக்கு மெருகு போட்டவர் கை மாதிரி மின்னியது. அலுமினியம் பவுடர். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த இடத்தை விட்டு அது போகாது. தோசையின் பொன்னிறத்துக்கு மேல் அந்த வெள்ளி விரல்கள் போய்வந்துகொண்டிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் கையை மடித்துக்கொண்டார். பார்த்திருக்கக் கூடாது.

அத்தை ஆபீசுக்குப் போகத் தொடங்கியது ஒன்பது வயதில். தீப்பெட்டி ஆபீஸ். கட்டை அடுக்குகிற வேலை, அதாவது வரிப்பள்ளம் உள்ள சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுப்பது. “இருட்டோட பஸ்ஸு வரும். தூக்கத்துல இருக்கிற பிள்ளையள ஏணையிலருந்து எடுக்கிற மாதிரி தூக்கி ஏத்துவாக. தூக்குல பழைய சோறு, தொட்டுக்கிட ஒரு துவையல்.” அந்தப் பிள்ளைகளைப் பற்றி 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஓர் ஆவணப்படமே வந்தது. குட்டி ஜப்பான் என்பது நேரு சிவகாசிக்கு வைத்த பெயர் என்பார்கள். ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிற பெயர். அத்தை அதை ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

1922இல் ப. அய்யநாடாரும் அ. சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து மறுவருசம் இங்கே தொடங்கினார்கள். மழை பொய்க்கிற பூமி. விவசாயத்துக்கு ஆகாத காய்ச்சல்தான் தீக்குச்சியும் வெடியும் காய்வதற்கு வசதியாகப் போனது. தீப்பெட்டி, பட்டாசு, அவற்றுக்கு லேபிள் ஒட்டப்போய் வளர்ந்த அச்சு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக ஊர் எழுந்தது. இப்போது தீப்பெட்டிக்குப் பழைய மவுசு இல்லை. ஒரு ரூபாய்ப் பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது, பதினாலு வருசத்துக்குப் பிறகு. அந்தப் பதினாலு வருசத்தில் இட்லி எத்தனை தடவை ஏறியது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “இட்லிய பத்தி மட்டும் கேக்காதீக” என்று சிரித்தார்.

பொங்கல் வந்தது. எடுத்துவைத்த நாலு தட்டில் மூன்றுதான் வந்தது. நாலாவதை யாரோ கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டார்களாம். எட்டுமணிக்கு இன்னும் பத்து நிமிசம் இருந்தது, சட்டி காலி. அத்தை ‘நான் சொல்லலையா?’ என்பது போல என்னைப் பார்த்தார். என் தட்டைப் பையனிடம் தள்ளிவிட்டு ஊத்தப்பம் சொன்னேன். உள்ளே இன்னும் மாவு இருந்தது, இரண்டு பெரிய எவர்சில்வர் அண்டாக்களில். மிச்சமானால் என்ன செய்வீர்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். “மிஞ்சாது. மிஞ்சினா நாளைக்குப் புளிச்ச தோசை” என்றார்.

அத்தை அதைக் கேட்டுவிட்டு, “மாவ வச்சிக்கிடலாம். மருந்த வைக்கக் கூடாது” என்றார். கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே செலுத்தி முடித்துவிட வேண்டும், ராத்திரி தங்கக் கூடாது. ஈரம் ஏறினால் தானாகச் சூடாகும். காலையில் தொட்டவர் கதி அவ்வளவுதான். அத்தைக்கு இது புத்தகத்தில் படித்த ரசாயனம் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பயராபீஸ் வெடித்து 38 பேர் செத்தபோது, புகையைப் பார்த்து ஓடிப்போனவர்களும் அதில் அகப்பட்டார்கள். அத்தைக்குத் தெரிந்த முகங்களும் அதில் இருந்தன. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சர்வர் தம்பி காப்பி கொண்டுவந்து வைத்தான்.

காப்பி குடிக்கும்போது பேச்சு வேலை பக்கம் திரும்பியது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடைசெய்தது. டெல்லியில் மூச்சுத் திணறுவது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரம் பின்னுவது இங்கே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் செய்த வேலை. கிழவிகள், பிள்ளை பெற்றவர்கள், வேன் ஏற முடியாதவர்கள் செய்தது. அத்தையும் முழங்கால் வலி வந்த பிறகு அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இப்போது கை சும்மா இருக்கிறது. மருமகள் போகிற ஆபீஸ் நாக்பூர் லைசென்ஸ் உள்ளது என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. “நாக்பூரு, மெட்ராசு, டிஆர்ஓ” என்று லைசென்சுகளைச் சாதி வரிசை போல இந்தப் பக்கத்துப் பெண்கள் பிரித்துச் சொல்வார்கள். பெண் கொடுக்கும்போதுகூட எந்த லைசென்ஸ் ஆபீஸ் என்று விசாரிக்கிறார்களோ என்னவோ.

“நீங்களும் மாமாவும் காலம்பற போயிட்டா, பிள்ளைக சின்னதா இருக்கையில யாரும்மா சாப்பாடு குடுத்தாங்க?” என்று என் மனைவி கேட்டாள்.

“யாரு குடுப்பா? மூத்தது இளையதுக்கு ஊட்டும். இப்ப இருக்கிறதுகளுக்குப் பரவால்ல. பள்ளிக்கூடத்துலயே போடுறாக.” அரசின் காலை உணவுத் திட்டத்தைச் சொன்னார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, முதலில் 1,545 பள்ளிகளில். மறுவருசம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அத்தையின் பேத்தி மூணாங்கிளாஸ். அவளுக்குக் கிழமை தெரிவது சாப்பாட்டை வைத்துத்தான். உப்புமான்னா திங்கள், பொங்கல்னா புதன் என்று சொல்கிறாளாம். அந்தப் பேத்தியும் அன்றைக்கு அம்மாவோடு தூங்கிக்கொண்டிருந்தாள். “பள்ளிக்கூடத்துப் பொங்கல் சூடா இருக்குமா அப்பத்தா?” என்று பையன் கேட்டான். “இருக்கும்யா. அங்கயே ஆக்குற சோறு பாத்துக்க” என்று சொல்லும்போது அத்தையின் குரலில் இருந்தது சந்தோஷமா பொறாமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பில்லுக்கு நான் எழுந்தால், அதற்கு முன்பே அத்தை கொடுத்துவிட்டிருந்தார். எப்போது எழுந்து போனார் என்றே தெரியவில்லை. “எம்புட்டு ஆச்சு?” என்று கேட்டதற்கு, “விருந்தாடி பில்லப் பத்திப் பேசக் கூடாது” என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கல்லாவில் நீட்டினார். எட்டு இட்லி, இரண்டு உளுந்தவடை. சாம்பாரை மட்டும் பிளாஸ்டிக் பையில் நூல் சுற்றிக் கட்டித் தந்தார்கள். மருமகளுக்கும் பேத்திக்கும்.

காரில் பையன் அப்பத்தாவின் மடியில் சாய்ந்துகொண்டான், வயிறு நிறைந்த பிறகு பேச்சே இல்லை. வழிநெடுகப் பட்டாசுக் கடைப் பலகைகள்; எண்பது சதவீதம் தள்ளுபடி, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி. இவ்வளவு தள்ளிக் கொடுத்தால் பெட்டியில் ஒட்டியிருக்கிற விலைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டேன். “அது வெளியூர்க்காரன் வாசிக்கிறதுக்கு” என்றார் அத்தை. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்கிறது. நாளைக் காலை மறுபடியும் அந்த வெள்ளை அறைகளுக்கு வேன் போகும்.

வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தை செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே போனார். தூக்குச்சட்டியை மேலே வைக்கவில்லை. கொடியிலிருந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்து, தூக்கை அதில் நன்றாகச் சுற்றி, அரிசிப் பானைக்குள் அரிசியை ஒதுக்கிக் குழி பண்ணி உள்ளே வைத்தார். மேலே தட்டைப் போட்டு மூடினார். பிறகு தட்டைக் கொஞ்சம் தூக்கி, துண்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இருக்கு” என்றார்.